இரண்டு திருத்தம் வரை இலவசம்

கால ஆட்டிட்டே இருக்கறனுங்களா? மன்னிச்சுக்குங்கண்ணா. எங்கம்மாவும் இதத்தான் சொல்லும், உக்காந்த எடத்துல உனக்குக் காலு சும்மாவே இருக்காதுன்னு. கொஞ்ச நாளா நெம்ப எச்சாப் போச்சு. நீங்க வேணும்னா சன்னலோரம் வந்துக்கறீங்களா? வேண்டாமா, செரி. இந்த பஸ்ஸு ஏனுங்க இத்தன மெதுவாப் போகுது? கரூர விட்டு எப்பக் கெளம்பினோம், இன்னும் தென்னிலை வரக் காணோம்.

நீங்க பல்லடமுங்களா? கோழித்தீவன ஏவாரமா. நல்ல சோலிங்கண்ணா. மூட்டைக்கு இன்ன வெலைன்னு சொன்னீங்கன்னா மூட்டை கண்ணு முன்னால நிக்குது. சந்தேகம்னா எடை போட்டுப் பாத்துக்கலாம். எறக்கி வெச்ச பொறவு ஒருத்தன் வந்து, தீவனம் நல்லாத்தான் இருக்குது, ஆனா கொஞ்சம் செவப்பா இருந்தா நல்லாருக்கும், மாத்திக் குடுங்கன்னு கேப்பானுங்களா? கேக்க மாட்டான். என்ற தொழில்ல கேப்பானுங்க.

வெப்சைட் பண்ணித் தர்றேனுங்க. கம்பெனியில இல்ல, தனியா. ஊட்டு மாடியில ஒரு ரூம்பு, ஒரு கம்ப்யூட்டரு, ஒரு பேனு, அவ்வளவுதான் ஆபீசு. காலைல சட்டை போட்டுக் கெளம்பாததுனால, மகுடேஸ்வரன் சும்மாதான் இருக்கறான்னு எங்க தெருவுல பாதிப் பேருக்கு நெனப்பு. கரண்ட் பில் கட்டறதுக்கும், ரேசன் கார்டு திருத்தறதுக்கும் என்னயத்தான் கூப்புடுவாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிச வேலைதானப்பான்னு சொல்லிட்டு வந்து உக்காந்துக்குவாங்க.

அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. சென்னியப்பன்னு ஒருத்தரு. கொசுவலை கம்பெனி வெச்சிருக்கறாரு, பெரிய ஆளு. கூப்பிட்டு உக்கார வெச்சு, டீ குடுத்து, தம்பி நமக்கு ஒரு வெப்சைட் வேணும்னாரு. நானும் வெலையச் சொன்னேன். அட வெலை என்னத்தச் சொல்ற, மொதல்ல வேலைய ஆரம்பி, பாத்துப் பண்ணிக்கலாம்னாரு. இந்தப் பாத்துப் பண்ணிக்கலாம்ங்கறது இருக்குதுங்களே, இதக் கேட்டா இப்பவெல்லாம் நான் எந்திரிச்சு வந்துருவேன். ஆரம்பிச்சேன். மொதல்ல நீலக் கலரு கேட்டாரு. பண்ணிக் குடுத்தா, சோசியரு பச்சைதான் ஆகும்னாராம். பச்சை பண்ணுனேன். அவரு மச்சான் மவன் பாத்துட்டு, படமெல்லாம் ஓடோணும்னானாம். ஓட வெச்சேன். கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்துட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரு, பின்னால ரசம் ரசம்னு சத்தம் கேக்கும், அதுக்குள்ள அவரு என்ன மாத்தச் சொல்றாருன்னு நான் காத வெச்சுட்டுக் கேக்கோணும். கடேசில, எனக்கு அவ்வளவு திருப்தி இல்ல தம்பின்னுட்டாரு. காசு வரல. ஆனா சைட்டு இன்னைக்கும் ஓடுதுங்கண்ணா. நான் பண்ணுன அதே பச்சையில ஓடுது. ஏன்னா பாஸ்வேர்ட நான் முன்னாடியே குடுத்துட்டேன்.

அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான். இனிமே அக்ரிமெண்ட் இல்லாம ஒரு எழுத்து அடிக்கறதில்லன்னு. உக்காந்து ஒவ்வொரு கண்டிஷனா எழுதுனேன். ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு ஆளு இருக்கறானுங்க. பாதிப் பணம் முன்னால, மீதி வந்த பொறவுதான் பாஸ்வேர்டு, அதுவும் நேர்ல கையில, அது சென்னியப்பன். திருத்தம் ரெண்டு வரைக்கும் இலவசம், மூணாவதுல இருந்து தனிக் காசு, அதுவும் சென்னியப்பன்தான். வாய்ஸ் மெசேஜ் செல்லாது, மெயில்ல எழுதித்தான் அனுப்போணும். அவிய பக்கத்துல இருந்து ஒரே ஒரு ஆளுதான் எங்கிட்டப் பேசோணும், ஆளுக்கொண்ணு சொல்லக் கூடாது, அது அந்த மச்சான் மவனுக்காக. நேர்ல வரச் சொன்னா வண்டிச் செலவும், போன நேரத்துக்குக் கூலியும். என்ற நேரத்துக்கு என்ன வெலைன்னும் கணக்குப் போட்டேன். சோறு, கரண்ட்டு, நெட்டு, சோலி இல்லாம உக்காந்திருக்கற நாளு, காய்ச்சல்ல படுத்திருக்கற நாளு, எல்லாத்தையும் சேத்துத்தானுங்க மணிக்கு இவ்வளவுன்னு போடோணும். நெறைய பேரு அந்தச் சும்மா இருக்கற நாள விட்டுப்போடுவாங்க. அங்கதான் ஏமாந்து போறது.

நெம்பப் பேசறனுங்களா? நான் எறங்கற காங்கயம் வரைக்கும் வேற என்ன பண்றது. ஒரு நிமிசம், போன் வந்த மாதிரி இருந்துச்சு. இல்ல, ஒண்ணுமில்ல.

எங்க விட்டேன். அக்ரிமெண்ட்டு. அது வந்த பொறவு நெசமாவே நிம்மதியா இருந்தேனுங்க. அப்புறம் வைகாசியில கல்யாணம் ஆச்சு. காங்கயத்துப் புள்ளை. மோகனப்பிரியான்னு பேரு, மோகனான்னு கூப்புடுவோம். மாமனாரு நாச்சிமுத்து, தேங்காண்ண மில்லு வெச்சிருக்கறாரு. தங்கமான மனுசன், அதயும் சொல்லிப்போடறேன். புள்ளையும் நல்ல புள்ளைதான். நான் வேல செய்யறப்போ பின்னால கட்டல்ல உக்காந்துட்டு ஸ்கிரீனப் பாத்துட்டே இருக்கும். இது எதுக்கு, அது எதுக்குன்னு கேக்கும். நான் சொல்றதக் கேட்டுட்டு, பாதியில சிரிச்சுப்போடும். என்னத்துக்குச் சிரிக்கறேன்னு கேட்டா, நீங்க சொல்றப்ப உங்க புருவம் மேல போகுதுன்னு சொல்லும். எனக்கு அதுக்கு முன்னால என்ற புருவத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாது.

ஆனி முடிஞ்சு ஆடி பொறந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா. புதுசாக் கட்டிக் குடுத்த புள்ளையத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல. ஆடி நோம்பிக்கு என்னயும் அழைச்சு, எலை நெறையா விருந்து போட்டு, கைநெறையச் சீரும் குடுத்து, புள்ளைய அங்கயே நிறுத்திக்கிட்டாங்க. நான் கெளம்பற நேரத்துல மாமா கைகழுவிட்டு வந்து பக்கத்துல நின்னாரு. "மாப்பிள்ளை, நம்ம மில்லுக்கும் ஒரு வெப்சைட் பண்ணித் தரலாமுங்களா? இந்த ஆடிக்குள்ளயே ஆரம்பிச்சுட்டா நல்லது"ன்னாரு. ஊட்டுக்கு வந்து கொட்டேஷனும் அக்ரிமெண்ட்டும் அனுப்பிட்டேன்.

ஆமாங்கண்ணா, மாமனாருக்குத்தான். ஏன், மாமனாருன்னா? சொந்தக்காரன்தான் மொதல்ல பாத்துப் பண்ணிக்கலாம்னு சொல்லுவான். அதனாலதான் அங்க இன்னும் உசாரா இருக்கோணும்.

அவரு போன் பண்ணுனாரு. "மாப்பிள்ளை, எவ்வளவு வேணுமோ குடுத்தர்றேன், அது விசயமில்ல. ஆனா ஆடியில கையெழுத்துப் போடக் கூடாதுங்களே. ஆவணி மொத முகூர்த்தத்துல ஜம்முன்னு போட்டுர்றேன், நீங்க வேலைய ஆரம்பிங்க"ன்னாரு. அவிய ஊட்டுல ஆடின்னா கட்டுத்தறிக்குக் கவுறுகூடப் புதுசு வாங்க மாட்டாங்க. ஆனா நான் எத்தன பேரப் பாத்திருக்கறேன். ஆவணியில பாத்துக்கலாம்னு ஆரம்பிச்சு, தையில போயி நிக்கும். கையெழுத்து வந்தாத்தானுங்க மாமா ஆரம்பிப்பேன்னுட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அப்புறம் மோகனா கூப்பிட்டுச்சு. "ஏனுங்க, அப்பாகிட்ட எதுக்குங்க கையெழுத்து"ன்னு கேட்டுச்சு. தொழில் வேற, ஊடு வேற மோகனான்னு பொறுமையாச் சொன்னேன். "செரி, நான் சொல்லிப் பாக்கறேன்"னு வெச்சிருச்சு. ஒரு ராத்திரிதான், மக்யா நாளே கையெழுத்தாயி வந்துருச்சுங்கண்ணா. ஆடியில. கவுறு வாங்காத மனுசன் எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டு, மேல மஞ்சள் வெச்சு அனுப்பியிருந்தாரு. அட்வான்சும் வந்துருச்சு. பாத்தீங்களா, நாம ஒரு சொல்லுல நின்னா எதிர்ல இருக்கறவங்க எறங்கி வந்துதான ஆகோணும். எங்கம்மா மட்டும், அவரப் போயி இப்படிப் பண்ணிட்டயேன்னுச்சு. அதுக்குத் தொழில் தெரியாது.

தென்னிலையா இது? ஆமா. டீக்கு நிறுத்துவானுங்களா? நிறுத்தலைன்னா பரவால்ல. நிறுத்தாம இருந்தா இன்னும் நல்லது.

அவிய பக்கத்துல ஒரே ஆளுதான் பேசோணும்னு கண்டிஷன் இருக்குதுன்னு சொன்னேன்ல. அந்த எடத்துல மாமா மோகனா பேர எழுதியிருந்தாரு. எனக்குக் கொஞ்சம் யோசனைதான். மில்லுல கணக்குப் பாக்கற தம்பி ஒருத்தன் இருக்கறான், வெவரமானவன், அவனப் போட்டிருக்கலாம். மாமாகிட்டக் கேட்டதுக்கு, "இல்லீங் மாப்பிள்ளை, புள்ளைக்குத்தான் பொழுது போகாம இருக்குது, அதுவே பேசட்டும்"னாரு. மத்தியானம் மில்லு ஆபீசுல வந்து உக்காந்துக்கும், அங்க இருக்கற பழைய லேண்ட்லைன் போனையும் அதுதான் எடுத்துப் பேசும்னாரு. செரி, போட்டதப் போட்டாச்சுன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் தெனமும் போனுங்க. வெடியால ஒருக்கா, பொழுதோட வெளக்கு வெக்கறப்ப ஒருக்கா. மொதல்ல முகப்புல போன் நம்பர் கீழ இருக்குது, மேல வெக்கலாமான்னுச்சு. வெச்சேன். அப்புறம் எழுத்து சின்னதா இருக்குதுன்னுச்சு. பெருசு பண்ணுனேன். ரெண்டு முடிஞ்சுதுங்களா? மூணாவதாக் கூப்புட்டப்போ சொல்லிட்டேன், இலவசத் திருத்தம் முடிஞ்சிருச்சு மோகனா, இனி இருக்கறத மெயில்ல எழுதி அனுப்பு, நான் தனியா வெலை போடறேன்னு. சிரிச்சுச்சு. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சிருச்சு. நான் வெளையாடலைன்னதும், "சாப்டீங்களான்னு கேக்கறதுக்கும் மெயில்தானுங்களா"ன்னுச்சு. அதுக்கு வேண்டாம், அது தனி, ஆனா வேலை நேரத்துல கூப்புடாதன்னேன்.

மெயில் வர ஆரம்பிச்சுது. நல்லாத்தான் எழுதுச்சு, கொற சொல்ல முடியாது. ஆனா கேக்கறது எல்லாம் ஒரு தினுசா இருக்கும். முகப்புல ஒரு தென்னமரம் வெச்சிருந்தேன், அருமையான படம், பின்னால வானம், வேற ஒண்ணுங் கெடையாது. இந்த மரம் தனியா நிக்கற மாதிரி இருக்குது, பக்கத்துல இன்னொரு மரம் இருந்தா நல்லாருக்கும்னு எழுதியிருந்துச்சு. தென்னமரம் தனியா நின்னா என்னங்கண்ணா, மரந்தான? ரெண்டு மரம் இருக்கற படம் தேடிப் புடிச்சு, வாங்கி, அளவு மாத்தி வெக்கறதுக்கு எத்தன நேரமாகும்? அதுக்கு ஒரு வெலை போட்டு அனுப்பினேன்.

அப்புறம் கூப்பிடற பட்டன். போன்ல சைட்டத் தொறந்தா ஓரமா ஒரு பட்டன் இருக்கும், அமுத்துனா நேரா மில்லுக்குப் போன் போகும். அது பெருசா வேணும்னுச்சு. "யாரு எந்த நேரத்துல கூப்புடோணும்னு நெனச்சாலும் தேடக் கூடாது, கண்ணு முன்னால இருக்கோணும்"னு எழுதியிருந்துச்சு. எதுத்தாப்புல இருக்கறவனுக்குக் கண்ணு தெரியாதா என்ன. இருந்தாலும் கேட்டது கிளையண்ட்டு. பாதித் திரைக்கு வர்ற மாதிரி பண்ணி, அதுக்கும் ஒரு வெலை போட்டேன். பாக்கறீங்களா? இந்தாங்க. இந்தப் பச்சைப் பட்டன்தான். கை பட்டுறாம பாத்துக்கங்க, போன் போயிரும்.

நடுவுல மாமா ஒருக்கா, "மாப்பிள்ளை, ஒரு எட்டு நேர்ல வந்து காமிச்சுட்டுப் போங்க. மாப்பிள்ளையா வந்தா ஆடியில எதுக்கு வந்தாருன்னு ஊரு பேசும். வேலையா வந்தா யாரு என்ன கேக்கப் போறாங்க. கறி எடுக்கச் சொல்றேன், இருந்து சாப்பிட்டு மெதுவாப் போலாம்"னாரு. நேர்ல வந்தா வண்டிச் செலவும், நேரக் கூலியும் ஆகுமுங்க மாமான்னு ஞாபகப்படுத்துனேன். "அது கெடக்குது, நீங்க வாங்க"ன்னாரு. பெரிய மனுசன், வெவரம் இல்லாமச் செலவு பண்றாரேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. வேண்டாமுங்க, வீடியோ கால்லயே காமிச்சுர்றேன், உங்களுக்குக் காசு மிச்சம்னுட்டேன்.

வீடியோ கால்ல மோகனாதான் உக்காந்திருந்துச்சு. மாமா பக்கத்துல இல்ல. மில்லு ஆபீசு, பின்னால எண்ணெ டின்னா அடுக்கியிருக்குது, அதுக்கு நடுவுல கல்யாணச் சேலைய உடுத்திட்டு, தலை நெறையாப் பூ வெச்சுட்டு உக்காந்திருக்குது. எண்ணெ மில்லுக்குள்ள எதுக்கு இந்தச் சேலை, கறை ஆயிராதான்னு கேட்டேன். சும்மா கட்டுனேன்னுச்சு. நான் ஸ்கிரீனப் பகிர்ந்து ஒவ்வொரு பக்கமாக் காமிச்சேன். ஸ்கிரீனப் பகிர்ந்தா நம்ம மொகம் அவியளுக்கு ஓரத்துல சின்னதாத்தான் தெரியும். "அத மூடிட்டு உங்க மொகத்தக் காமிங்க"ன்னுச்சு. அப்புறம் பக்கத்த எப்படிக் காமிக்கறதுன்னு கேட்டேன். செரி, காமிங்கன்னுச்சு. எல்லாப் பக்கமும் காமிச்சு முடிச்சேன். எல்லாத்துக்கும் ம்ம், ம்ம்னுச்சு.

எனக்கு எங்க ஊட்ல இந்த ஆடி புடிக்கவே இல்லீங்கண்ணா. பொய் சொல்லக் கூடாது. அந்தக் கட்டலத் திரும்பித் திரும்பிப் பாப்பேன். ஒரு பக்கம் முடிச்சா, பின்னால திரும்பி இது எப்படி இருக்குதுன்னு கேக்கப் போயி, யாரும் இல்லாம கம்முனு திரும்பிக்குவேன். அதனாலயே வேலையச் சீக்கிரம் முடிக்கோணும், ஆடி சீக்கிரம் போகோணும்னு ஓட்டுனேன். அது கூப்புட்டுக் கூப்புட்டுப் பேசுனா வேலை எப்படிங்க முடியும்? வேலை வேகமா முடிஞ்சாத்தான அதுக்கும் நல்லது?

ஆடி கடேசில எல்லாத் திருத்தத்துக்கும் சேத்து இன்வாய்ஸ் போட்டேன். கண்டிஷன்படி எங்கிட்டப் பேசற ஆளுக்குத்தான அனுப்போணும், மோகனாவுக்கே அனுப்பினேன். அன்னைக்குப் பொழுதோட போன் வரல. மக்யா நாளு மாமாதான் கூப்புட்டாரு. "மாப்பிள்ளை, நானொண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நம்மகிட்ட எண்ணெ வாங்கறவன் நாப்பது வருசமா வாசல்ல வந்து நின்னுதானுங்க வாங்கறான். எனக்கு வெப்சைட்டு வெச்சு ஆகப் போறது ஒண்ணுமில்ல. புள்ளைக்கும் உங்களுக்கும் பேச்சுத் தொணையாட்டம் இருக்கட்டுமேன்னுதான்"னாரு. எனக்குத் திக்குனு ஆயிப்போச்சு. எல்லாம் முடிஞ்ச நேரத்துல வேண்டாம்னா? இப்ப நிறுத்துனாலும் முழுப்பணமும் குடுக்கோணும்னு கண்டிஷன் இருக்குதுங்க மாமான்னு சொன்னேன். "குடுத்தர்றேனுங்க மாப்பிள்ளை"ன்னாரு. அன்னைக்கே முழுசும் வந்துருச்சு. சென்னியப்பன் மாதிரி இல்ல, சொன்னாச் சொன்னபடி நடக்கற மனுசன்.

ஏனுங்கண்ணா அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? வெய்யிலா? தெரச்சீலைய இழுத்து விடட்டுங்களா?

ஆவணி மொத முகூர்த்தத்துல சைட்ட ஓட விட்டோம். அன்னைக்கு வந்துதுங்க ஒரு மெயில். அந்த மாதிரி மெயில் எனக்கு எந்தக் கிளையண்ட்டும் அனுப்புனதில்ல. இருங்க, காமிக்கறேன். "வணக்கம். வேலை முழுவதையும் பார்த்தேன். திருத்தம் எதுவும் இல்லை. நன்றி. இப்படிக்கு, மோகனப்பிரியா." அவ்வளவுதான். பாத்தீங்களா, ஒரு எழுத்துப் பெசகு இல்ல. எத்தன பேரு எங்கிட்டத் திருப்தி இல்ல தம்பின்னு சொல்லியிருக்கறான். திருத்தம் எதுவும் இல்லைன்னு எழுத்துல குடுத்தது இந்தப் புள்ளை ஒண்ணுதான்.

பதிலுங்களா? அனுப்பாம? வேலை முடிஞ்சா எல்லாருக்கும் போற பதில் ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேன், தானாப் போயிரும். "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மீண்டும் தங்களுடன் பணியாற்ற ஆவலுடன் காத்திருக்கிறோம்." அது போயிருச்சு.

அதுக்கப்புறம்தானுங்க இந்தக் காலாட்டறது. அந்த மெயில் வந்ததுல இருந்து போன் இல்ல. வெடியாலயும் இல்ல, பொழுதோடயும் இல்ல. நான் கூப்புட்டா மணி அடிச்சு அடிச்சு நின்னு போகுது. ஆடி முடிஞ்சா பொண்ணு வீட்டுக்காரங்கதான கொண்டாந்து விடோணும்? கூட்டிட்டுப் போனது அவியதான? ஆவணி பொறந்தும் வரல. மாமாகிட்டக் கேட்டா, "நீங்க வந்து கூப்பிட்டாத்தான் வருவேங்குது மாப்பிள்ளை. அதுவும் வருமான்னு எனக்குச் சொல்லத் தெரியல"ன்னாரு. ஆவணி முடியப் போகுது. புரட்டாசி பொறந்துட்டா எங்கம்மா புதுப்பொண்ணக் கூட்டிட்டு வர உடாது, அது ஒரு மாசம். நேத்து எங்கம்மா சட்டியக் கழுவிட்டே, உனக்குச் சோறு போட எனக்கு ஆசையில்லடா, அந்தப் புள்ளை வந்தாத்தான் இந்த ஊட்டுக்குள்ள நிப்பேன்னு சொல்லிட்டு எங்க தாய்மாமன் ஊட்டுக்குப் போயிருச்சு.

அதான் கெளம்பிட்டேன். பாஸ்வேர்டு ஒப்படைக்கறது ஒண்ணு பாக்கி இருக்குது. முழுப்பணம் வந்தா நேர்ல குடுக்கோணும்னு நாந்தான கண்டிஷன் போட்டேன். இதா, கவர்ல வெச்சிருக்கறேன். குடுத்துட்டு, அப்படியே கூட்டிட்டும் வந்துறலாம்னு. வண்டிச் செலவுகூட அவியகிட்டக் கேக்கப் போறதில்ல. என்னத்துக்குச் சிரிக்கறீங்க? நெசமாத்தானுங்க. அத விட்டுட்டேன்.

என்னமோ தெரியலீங்கண்ணா. காசு எல்லாம் வந்துருச்சு. ஒரு பைசா பாக்கி இல்ல. கண்டிஷன்ல ஒண்ணுகூட மீறல, நானும் மீறல, அவியளும் மீறல. ஆனா சென்னியப்பன் ஏமாத்துனப்போகூட இப்படி ஒரு பயம் வந்ததில்ல. என்னமோ ஒண்ண எங்கயோ வெச்சுட்டு வந்துட்ட மாதிரியே இருக்குது. பைய எத்தன தடவை தொறந்து பாக்கறது. எல்லாம் இருக்குது.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்களே சொல்லுங்க, நான் எந்த எடத்துல தப்புப் பண்ணுனேன்?

கூப்புட்டுப் பேசறதா? அதத்தான சொன்னேன், எடுக்க மாட்டேங்குதுன்னு. அப்புறம் கூப்புட்டுத்தான் என்னன்னு கேக்கறது? ஆடி பூரா அது கூப்புட்டப்ப வேலையப் பத்தித்தான பேசுனோம். அந்த வேலைதான் முடிஞ்சு போச்சுங்களே.

மில்லு நம்பருக்கா? அதுல கூப்புட்டா எடுக்கும். இந்நேரம் அங்கதான் உக்காந்திருக்கும். லேண்ட்லைனு, யாரு கூப்பிடறாங்கன்னு தெரியாது. ஆனா அது கிளையண்ட்டு நம்பரு, அதுல போயி ஊட்டு விசயத்த... செரி. செரிங்கண்ணா. நீங்க சொல்றீங்க. இதா, இந்தப் பட்டனத்தான் அமுத்தோணும். பெருசாத்தான் இருக்குது. ஆமா, தேடவே வேண்டாமாட்டத்தான் இருக்குது. இத்தன நாளா இத நான் ஒருக்காகூட அமுத்திப் பாக்கலீங்கண்ணா. வேலை செய்யுதான்னு கம்ப்யூட்டர்லயேதான் பாத்தேன்.

மணி அடிக்குது. இருங்க. அண்ணா, அந்த முன்சீட்டுக் கம்பியச் செத்த ஆடாம புடிச்சுக்கங்க, சத்தமா இருக்குது.

எடுத்துருச்சு. மோகனாதான். "நாச்சிமுத்து ஆயில் மில்லுங்க, சொல்லுங்க"ங்குது.

அண்ணா. யாரு பேசறதுன்னு கேக்குதுங்கண்ணா. ரெண்டாந்தடவையாக் கேக்குது. நான் யாருன்னுங்க சொல்றது?